பசுமைக்குடில் தக்காளி: கிள்ளிக் கிள்ளியே செடியை மொட்டையாக்கிவிட்டேன், இனி என்ன செய்வது?

முதல்நாற்று எழுதியது:

வணக்கம். இதுதான் எனக்கு முதல் முறை, அதனால் திட்டுவதாக இருந்தாலும் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் பாலித்தீன் போட்ட சின்னக் குடில். உள்ளே 24 தக்காளிச் செடிகள், ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளி. நட்டு எட்டு வாரம் ஆகிறது. குடிலுக்குள் வளர்க்கும் தக்காளியில் பக்கத் தளிர்களை எல்லாம் கிள்ளி ஒற்றைத் தண்டாக விட வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கத்தரிக்கோலோடுதான் உள்ளே போகிறேன். இப்போது நிலைமை இதுதான்:

பத்துப் பன்னிரண்டு செடிகள் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டன, மேலே கொழுந்தே இல்லை. மற்றவை உயரமாகப் போகின்றன, ஆனால் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. கீழ் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் தோல் மாதிரித் தடிப்பாக இருக்கின்றன. பிடித்திருக்கிற கொஞ்சக் காய்களில் சிலவற்றுக்கு அடிப்பக்கம் கறுப்பாகிவிட்டது. பூச்சி வரக்கூடாது என்று கதவை எப்போதும் மூடியேதான் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன்?

தக்காளித்தாத்தா எழுதியது:

விதை எந்த ரகம்? அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள்.

கவாத்துக்காரி எழுதியது:

தாத்தா கேட்டதுதான் முதல் கேள்வி, ஆனால் ரகப் பெயர் தெரியாவிட்டாலும் செடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். தம்பி, நின்றுபோன செடி ஒன்றையும் வளர்கிற செடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணுங்கள். கொடியாகப் போய்க்கொண்டே இருக்கிற ரகத்தில் பெரும்பாலும் மூன்று இலைக்கு ஒரு கொத்து வரும். குட்டை ரகத்தில் ஒன்று அல்லது இரண்டு இலைக்கு ஒரு கொத்து, கடைசியில் தண்டின் நுனியே ஒரு பூங்கொத்தாக முடிந்துவிடும். அதற்கு மேல் அந்தத் தண்டு வளராது, அதன் இயல்பே அதுதான். அந்த ரகத்துக்கு மீதிக் காய் எல்லாம் பக்கக் கிளைகளில்தான். நீங்கள் அதைத்தான் தினமும் கிள்ளி எறிந்துகொண்டு இருந்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத் தளிர் எது, பூங்கொத்து எது என்று பிரித்துப் பார்த்தீர்களா? பக்கத் தளிர் என்பது இலைக்காம்பு தண்டோடு சேர்கிற அந்த இடுக்கிலிருந்து வரும், வரும்போதே குட்டிக் குட்டி இலைகளோடு வரும். பூங்கொத்து இடுக்கிலிருந்து வராது, இரண்டு இலைகளுக்கு நடுவே வெறும் தண்டிலிருந்து கிளம்பும், நுனியில் இலை இருக்காது, மணி மணியாக மொட்டு இருக்கும். சின்னதாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் நான் எந்தத் தளிரையும் விரல் நீளம் வருவதற்கு முன் தொடுவதில்லை. 5 செ.மீ. வரட்டும், அப்போது அதுவே தான் யாரென்று சொல்லிவிடும். அதற்குள் செடிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தினமும் கிள்ளவும் தேவையில்லை, வாரத்துக்கு ஒருமுறை போதும்.

முதல்நாற்று எழுதியது:

எண்ணிப் பார்த்தேன் அக்கா. நின்றுபோன 11 செடியிலும் ஓர் இலை, ஒரு கொத்து, ஓர் இலை, ஒரு கொத்து என்றுதான் இருக்கிறது. நுனியில் காய்ந்துபோன ஒரு கொத்து. மற்ற 13 செடியில் மூன்று இலை. நண்பர் ஒருவர் ஒரே காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதை, இரண்டு ரகம் கலந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உயரமான செடிகளில் முதல் கொத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு செடியில் வெறும் தழும்புதான் இருக்கிறது. இலை இடுக்கில் இல்லை, வெறும் தண்டில்.

தக்காளித்தாத்தா எழுதியது:

வெட்கப்படாதீர்கள். நான் முதல் வருடம் நுனிக்கொழுந்தையே கிள்ளினேன், அதுவும் ஒன்பது செடியில். பக்கத் தளிர் தண்டைவிடத் தடிமனாக இருந்தது, அதைத்தான் தண்டு என்று நினைத்தேன். கொழுந்து ஒடிந்தாலும் செடி போய்விடாது. மேலே இருக்கிற நல்ல பக்கத் தளிர் ஒன்றை விட்டால் அதுவே தண்டாகிக்கொள்ளும், ஒரு வாரம் பத்து நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

கவாத்துக்காரி எழுதியது:

சரி, அப்படியென்றால் அந்த 11 செடிக்கும் கத்தரிக்கோல் இனி வேண்டவே வேண்டாம். இனிமேல் வருகிற எல்லாப் பக்கக் கிளையையும் விடுங்கள், தரையைத் தொடுகிற இலையை மட்டும் எடுங்கள். குட்டை ரகத்தில் முதல் பூங்கொத்துக்குக் கீழே வருகிற தளிர்களை மட்டும் சிலர் எடுப்பார்கள், அடியில் காற்று ஓடுவதற்காக. அதற்கு மேலே கை வைத்தால் விளைச்சலைத்தான் வெட்டுகிறோம்.

ஆனால் உங்கள் இடைவெளி எனக்குப் பயமாக இருக்கிறது. 6 சதுர மீட்டரில் 24 செடி என்றால் சதுர மீட்டருக்கு நான்கு, அதிலும் நடைபாதையைக் கழித்தால் இன்னும் நெருக்கம். ஒற்றைத் தண்டுக் கொடிக்கே சதுர மீட்டருக்கு இரண்டரை செடி என்பது நிறைவான கணக்கு, செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. வேண்டும். புதர் மாதிரி விரிகிற ரகம் ஓர் அடியில் நெருக்கிக்கொண்டு நின்றால் உள்ளே காற்றே போகாது. ஒன்று விட்டு ஒன்றாகக் கொஞ்சம் செடிகளைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். மனசு வராது, தெரியும்.

முதல்நாற்று எழுதியது:

பிடுங்குவதா!!

நிழல்வலை எழுதியது:

பிடுங்குவது பிறகு. கதவை மூடியே வைத்திருக்கிறேன் என்றாரே, அதைப் பார்த்து ஒருவரும் அலறவில்லையா? உள்ளே வெப்பமானி இருக்கிறதா? இருந்தால் செடியின் தலை உயரத்தில், வெயில் நேராகப் படாமல் ஓர் அட்டை நிழலில் தொங்கவிட்டு மதியம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

பூ உதிர்வதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம், உங்களுக்கு இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவது சூடு. பகலில் 21 முதல் 27 டிகிரி இருந்தால் தக்காளிக்குச் சுகம். 35 டிகிரியைத் தாண்டி நாள்தோறும் போனால் மகரந்தம் செத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பூ விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதுதான் சூடு அதிகம் கெடுக்கிறது. அதனால் இன்றைக்கு உதிர்கிற பூ போன வாரத்துச் சூட்டின் கணக்கு. இன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டு நாளைக்கே காய் பிடிக்கவில்லையே என்று இங்கே வந்து கேட்காதீர்கள்.

இரண்டாவது காரணம், காற்று. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்தான், அதனால் தானாகவே காய்த்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெளியில் அப்படித்தான் நடக்கிறது, காற்று ஆட்டிவிடுகிறது. மகரந்தப்பைகள் ஒன்றாகச் சேர்ந்து சூலகத்தைச் சுற்றி ஒரு கூம்பு மாதிரி நிற்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினால் உப்பு கொட்டுவது போல அந்தக் கூம்பு அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். மூடிய குடிலில் யார் ஆட்டுவது? பெரிய குடில்களில் இதற்கென்றே பம்பிள்பீ என்கிற தடித்த வண்டுத்தேனீயை விடுகிறார்கள், அது பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்த்துக்கொள்ளும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது. உங்களுக்குப் பழைய மின் பல்துலக்கி ஒன்று போதும். கொத்தின் காம்பில், பூவுக்குப் பின்னால் வைத்து இரண்டு மூன்று நொடி. பூவின் மேல் வைக்காதீர்கள், காயம்படும். காலை பத்து மணியிலிருந்து மதியத்துக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பல்துலக்கி இல்லையென்றால் செடி கட்டிய கயிற்றை விரலால் சுண்டிவிடுங்கள்.

ஈரப்பதமும் சேர்ந்துதான். 80 விழுக்காட்டுக்கு மேலே போனால் மகரந்தம் ஈர மாவு மாதிரிக் கட்டிக்கொண்டு கொட்டாது, 50க்குக் கீழே போனால் சூலகமுடியில், அதாவது பூவின் பெண் பகுதியின் நுனியில், ஒட்டாது.

வெள்ளைஈ_விரோதி எழுதியது:

கதவை மூடியதில் அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது, என் பெயரே சொல்லும். ஆனால் பாலித்தீனை மூடிப் பூச்சியைத் தடுக்க முடியாது, வலையைப் போட்டுத்தான் தடுக்க வேண்டும். கதவுக்கும் பக்கத் திறப்புக்கும் 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்கள்) பூச்சிவலை போட்டுவிட்டுத் திறந்து வையுங்கள். நெருக்கமான வலை காற்றையும் பாதி தடுக்கும், அதனால் திறப்பு நீங்கள் நினைப்பதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சூடான காற்று மேலேதான் தேங்கும், முகட்டில் ஒரு திறப்பு இருந்தால் அது வழியாக வெளியேறிவிடும்.

இலைச் சுருட்டலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பயப்படாதீர்கள், கீழ் இலை மேல்நோக்கிச் சுருண்டு, பச்சையாகவே இருந்து, தோல் போலத் தடித்திருக்கிறது என்றால் அது நோய் இல்லை. கடுமையாகக் கிள்ளினாலும், சூடு ஏறினாலும், மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தாலும் தக்காளி இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். விளைச்சலை அது பெரிதாகப் பாதிக்காது. நீங்கள் பயப்பட வேண்டியது மேலே. புதுக் கொழுந்து சின்னதாகி, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போலக் குவிந்து, செடியும் குறுகி நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவருகிற இலைச்சுருள் வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியை அங்கேயே ஒரு பையில் மூடிக் கட்டி, பிறகு பிடுங்கி வெளியே கொண்டுபோக வேண்டும். அப்படியே உலுக்கிப் பிடுங்கினால் ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். பூச்சி ஒட்டிக்கொள்கிற பசை தடவிய மஞ்சள் அட்டை இரண்டு தொங்கவிடுங்கள். அது ஈயை ஒழிக்காது, ஆனால் எப்போது வந்தது என்று சொல்லும்.

சொட்டுநீர்க்குழாய் எழுதியது:

அடி கறுப்பாகிற காய்க்கு வருகிறேன். இதற்கு எல்லோரும் முட்டை ஓடு, சுண்ணாம்பு என்று ஆரம்பிப்பார்கள், ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அது பூசணம் இல்லை, புழுவும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேரவில்லை. மண்ணில் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் இருக்கும். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு தண்ணீராகத்தான் மேலே ஏறும், அதிகம் ஆவியாக்குகிற இலைக்கே முதலில் போகும். காய் அதிகம் ஆவியாக்காது, அதனால் எப்போதும் கடைசிப் பந்தி. நடுவில் ஒருநாள் வேர் காய்ந்தது என்றால் காய்க்குக் கிடைப்பது சுத்தமாக நின்றுவிடும். இலையில் போய்ச் சேர்ந்தது திரும்பிக் காய்க்கு வராது, அதனால் இலையில் கால்சியம் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும்.

என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஒரே சீராகத் தண்ணீர். நல்ல வெயிலில் காய்த்திருக்கிற பெரிய கொடி ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல் கூடக் குடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழாயைத் திறந்துவிட்டு வாரம் முழுக்கப் பார்க்காமல் இருந்தால் கறுப்பு நுனியும் வரும், காய் வெடிப்பதும் வரும். வேரின் மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள். அப்புறம் யூரியா மாதிரித் தழைச்சத்தை அள்ளிப் போட்டிருந்தால் நிறுத்துங்கள், அம்மோனியம் வடிவத் தழைச்சத்து சுண்ணாம்பை வேர் உறிஞ்சவிடாமல் போட்டி போடும். கறுத்த காய் சரியாகாது, பறித்துவிடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

முதல்நாற்று எழுதியது:

யூரியா... போட்டேன். இரண்டு முறை. தண்ணீரும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான், எப்படித் தெரிந்தது?

சொட்டுநீர்க்குழாய் எழுதியது:

கொழுந்துக்கு ஒரு சாண் கீழே தண்டு உங்கள் சுண்டுவிரலைவிடத் தடிமனாக, இலை கரும்பச்சையாகக் கீழே மடிந்து முறுக்கிக்கொண்டு இருக்கிறதா? அதுதான் தழைச்சத்துக் கொழுப்பு. அந்த இடத்தில் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஏறக்குறைய 1 செ.மீ. இருந்தால் செடி சரியான போக்கில் இருக்கிறது. அதைவிடப் பருத்தால் இலைக்கே உழைக்கிறது, மெலிந்தால் பட்டினி. காய்க்கத் தொடங்கிய பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) கூட்ட வேண்டும்.

இரட்டைத்தண்டு எழுதியது:

எல்லோரும் ஒற்றைத் தண்டு ஒற்றைத் தண்டு என்றே பேசுகிறீர்கள். பிடுங்கச் சொன்னீர்களே, பாதியைப் பிடுங்கிவிட்டு மீதிக் கொடிகளை இரண்டு தண்டாக விடலாமே? முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே இருக்கிற பக்கத் தளிர்தான் எப்போதும் வலுவானது, அதை மட்டும் விட்டுத் தனிக் கயிறு கட்டினால் ஒரு வேரில் இரண்டு கொடி. செடி குறைவு, காய் குறைவதில்லை. நான் வருடக்கணக்காக இப்படித்தான்.

தக்காளித்தாத்தா எழுதியது:

பழகிய கைக்குச் சரி. புதியவருக்கு இரண்டு தண்டு என்றால் ஒரு மாதத்தில் ஆறு தண்டு. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்து பாருங்கள், கதவைத் திறக்க முடியாது. முதல் வருடம் ஒற்றைத் தண்டு, கண் பழகட்டும்.

இரட்டைத்தண்டு எழுதியது:

நீங்கள் சொல்வதற்காகவே அடுத்த முறை மூன்று தண்டு விடப்போகிறேன்.

கவாத்துக்காரி எழுதியது:

இந்தச் சண்டை எப்போதும் முடியாது. முதல் கொத்தே போன அந்த ஆறு கொடிகளில் ஒரே ஒரு செடியில் இரண்டு தண்டு விட்டுப் பாருங்கள் தம்பி, உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது கீழ் இலை. அடுத்ததாக நீங்கள் செய்யப்போகும் தப்பு அதுதான், முன்கூட்டியே சொல்கிறேன். கொஞ்ச நாளில் காய் பெரிதாகிப் பச்சையாகவே தொங்கும், பழுக்கவே பழுக்காது. உடனே யாராவது, இலையை எல்லாம் எடு, வெயில் படட்டும், சிவக்கும் என்பார்கள். தக்காளி சிவப்பதற்கு வெயில் நேராகப் படத் தேவையில்லை, 20 முதல் 25 டிகிரி சூடு இருந்தால் போதும், வீட்டுக்குள் மேசை மேல் வைத்தாலே பழுக்கிறதே. 30 டிகிரிக்கு மேலே நாள் முழுக்க இருந்தால் சிவப்பு நிறமே சரியாகப் பிடிக்காமல் ஆரஞ்சிலேயே நிற்கும். இலையை உரித்துவிட்டால் வெயில் பட்டுத் தோலில் வெள்ளையாகக் காகிதம் போலத் தீய்ந்து போகும், அந்த இலை ஊட்டிக்கொண்டிருந்த இனிப்பும் போகும். நான் ஒரு கொத்து பழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்குக் கீழே உள்ள இலைகளை எடுப்பேன், அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. கொடியில் எப்போதும் பதினைந்து இலையாவது இருக்க வேண்டும்.

எடுக்கும்போது கத்தரிக்கோலைவிடக் கை நல்லது. காம்பை மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்தினால் கணுவிலேயே சுத்தமாக ஒடியும். அரை விரல் நீளம் காம்பை விட்டுவிட்டு வெட்டுவதுதான் பெரிய தப்பு. அந்த மொட்டைக் காம்பு காய்வதற்குள் சாம்பல் பூசணம் பிடிக்கும், அங்கிருந்து தண்டுக்குப் போகும். எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. மழை பிடித்த ஒரு மாலையில், நேரம் கிடைத்ததே என்று எல்லாச் செடியிலும் இலை எடுத்துவிட்டுக் கதவை மூடிவிட்டு வந்தேன். பத்து நாளில் தண்டில் பழுப்புத் திட்டு, தொட்டால் சாம்பல் தூசி பறக்கிறது. ஏழு கொடி, எல்லாம் காய்த்த கொடி, திட்டுக்கு மேலே வாடி அப்படியே தொங்கிவிட்டது. அதிலிருந்து வெயில் அடிக்கிற நாளில் காலையில்தான் கை வைக்கிறேன், மாலைக்குள் காயம் காய்ந்துவிட வேண்டும்.

வெள்ளைஈ_விரோதி எழுதியது:

கையைப் பற்றியும் சொல்லுங்கள் அக்கா. புகையிலை பிடிக்கிறவர்கள், மெல்லுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே போகக்கூடாது, புகையிலைத் தேமல் வைரஸ் விரலிலேயே வரும். நடுநடுவே கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொண்டு வேலை செய்வது பழைய பழக்கம், அந்த வைரஸுக்கு அது நிஜமாகவே வேலை செய்கிறது. சந்தேகமான செடியைக் கடைசியில் தொடுங்கள். கத்தரிக்கோல் என்றால் அதையும் செடிக்குச் செடி அந்தப் பாலிலேயே முக்கி எடுக்க வேண்டும், ஆல்கஹாலில் துடைத்தால் இந்த வைரஸ் சரியாகச் சாகாது.

முதல்நாற்று எழுதியது:

வெப்பமானி வாங்கித் தொங்கவிட்டேன். மதியம் 41. நான் பத்து நிமிடம் உள்ளே நிற்க முடியாமல் வெளியே வந்தபோதே புரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாலித்தீனைச் சுருட்டிவிட்டு வலை கட்டினேன், மேலே நிழல்வலையும் போட்டாயிற்று, இப்போது 32. குட்டை ரகத்தில் ஐந்தைப் பிடுங்கினேன். கை கறுத்துப்போயிருக்கிறது, கழுவினால் நுரை மஞ்சளாக வருகிறது, இது என்ன விஷமா?

தக்காளித்தாத்தா எழுதியது:

விஷமில்லை, தண்டின் ரோமங்களில் இருக்கிற பிசின். பழுத்த தக்காளி ஒன்றை நசுக்கித் தேய்த்தால் போய்விடும். பழுத்தது உங்களிடம் இன்னும் இல்லையே என்கிறீர்களா?

நிழல்வலை எழுதியது:

கயிறு எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்க மறந்தேன். அடியில் முடிச்சு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், தண்டு பருக்கும்போது இறுக்கிக் கழுத்தை நெரிக்கும். கொடியைக் கயிற்றில் சுற்றும்போது கொழுந்தைப் பிடித்து வளைக்காதீர்கள், கயிற்றை எடுத்துக் கொடியைச் சுற்றுங்கள். காலையில் தண்டு நீர் நிரம்பி விறைப்பாக இருக்கும், பட்டென்று ஒடியும். சுற்றுவதற்கு மட்டும் மதியம் நல்லது.

முதல்நாற்று எழுதியது (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். குட்டை ரகம் ஆறு மிச்சம், எல்லாம் புதர் மாதிரிக் கிளைத்துக் காய்த்திருக்கிறது, நின்றுபோனதாக நான் நினைத்த செடிதான் இப்போது அதிகக் காயோடு இருக்கிறது. கொடிகளில் கதவைத் திறந்து பத்தாவது நாளிலிருந்து பூ உதிராமல் நிற்கத் தொடங்கியது, பல்துலக்கியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கறுப்பு நுனி கடைசி மூன்று கொத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டு தண்டு விட்ட செடி காடாகிவிட்டது, தாத்தா சொன்னதுதான் சரி, மன்னிக்கவும் இரட்டைத்தண்டு.

இரட்டைத்தண்டு எழுதியது:

பழக்கம் போதவில்லை. அடுத்த முறை வரும்.

முதல்நாற்று எழுதியது:

கிள்ளிய பக்கத் தளிர் ஒன்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் தண்ணீரில் போட்டு வைத்தேன், பத்து நாளில் வேர் விட்டுவிட்டது. இப்போது சன்னல் ஓரத்தில் ஒன்பது குவளை நிற்கிறது. இதையெல்லாம் எங்கே நடுவது?

கவாத்துக்காரி எழுதியது:

குடிலுக்குள் மட்டும் வேண்டாம் தம்பி.